பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு விருந்தாளி

அத்தியாயம் 4

"வீட்டுல ஒண்ணும் திருடு போகலீங்க. அதுதான் பயமா இருக்கு," என்றாள் அன்புச்செல்வி.

பாலாஜி நோட்டுப் புத்தகத்தில் 'திருட்டு கேஸ்' என்று எழுதியிருந்ததை அடித்தான். உண்ணாமலை துப்பறியும் நிலையத்தில் உதவியாளனாகச் சேர்ந்த இரண்டு வருடத்தில் அவன் எழுதியதைவிட அடித்ததுதான் அதிகம்.

நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, அதில் ஒன்று ஆடும். ஆடுகிற நாற்காலி பாலாஜியுடையது. உண்ணாமலை அக்கா பதினாறு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை, எந்த வீட்டில் மாமியாருக்குத் தனி அடுப்பு என்பதையெல்லாம் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றபடியே தெரிந்துகொண்டவர். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு அந்த ஞானத்தை வீணாக்க மனசில்லாமல் போர்டு மாட்டிவிட்டார். வருகிற கேஸில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. திருடு போகாத வீடு இதுதான் முதல் தடவை.

"மொதல்லருந்து சொல்லும்மா," என்றார் உண்ணாமலை.

அன்புச்செல்வி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். அழுகிற குழந்தைக்கும் ஊசி குத்திப் பழகிய கை. அந்தக் கை இன்று கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

"நாவல்மரத் தெருவுல பதினோரு வருஷமா வாடகைக்கு இருக்கோம். கிரிவலப் பாதையை ஒட்டின தெரு. எங்க வீட்டுக்காரர் ராமதாஸ் வேன் ஓட்டறாரு. பௌர்ணமி வந்தா ரெண்டு நாள் சவாரிதான், வீட்டுப் பக்கமே வரமாட்டாரு. நானும் பொண்ணும் தனியா இருந்தா, கிரிவலம் போறவங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தர் கதவைத் தட்டி பாத்ரூம் இருக்குதான்னு கேப்பாங்க. அதனால கீழ்பென்னாத்தூர்ல எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவோம். பொண்ணு அங்கருந்தே பஸ் ஏறி ஸ்கூலுக்குப் போயிடுவா. ரெண்டு நாள் கழிச்சு வந்து பூட்டைத் தெறந்தா..."

"தெறந்தா?"

"வெங்காயக் கூடை பின்பக்கம் துணி தொவைக்கிற கல்லு மேல உக்காந்திருக்கும்."

பாலாஜி எழுதுவதை நிறுத்தினான். "தானாப் போயி உக்காந்துக்குதா?"

"உருளைக்கெழங்கு, பூண்டு எல்லாம் அதுலதான் இருக்கும். அப்புறம் எறும்பு வராம இருக்க அடுப்பு மேடையைச் சுத்தி எறும்பு சாக்பீஸால கோடு போட்டு வெச்சிருப்பேன். அந்தக் கோட்டை யாரோ ஈரத்துணியால சுத்தமாத் தொடைச்சிருப்பாங்க. வெளியில செவுத்தோரமா ஒரு சிட்டிகை சர்க்கரை கெடக்கும். அடுப்பு பளபளன்னு இருக்கும். குக்கரைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கும்."

"மேடம், இந்தத் திருடன் கெடைச்சா ஜெயிலுக்கு அனுப்பிடாதீங்க. எங்க வீட்டுக்கு அனுப்புங்க," என்றான் பாலாஜி.

அன்புச்செல்வி சிரிக்கவில்லை. பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். வீட்டு ஓனர் நேமிநாதன் கைப்பட எழுதிய நோட்டீஸ். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் என்பதால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதியிருந்தார். ஒன்று, நீங்கள் பௌர்ணமி தோறும் என் வீட்டை வெளியாட்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறீர்கள். இரண்டு, அதற்குச் சாட்சி உண்டு. மூன்று, பதினைந்து நாளில் காலி செய்யவும்.

"சத்தியமா நான் யாருக்கும் விடலீங்க. பொண்ணுக்கு அடுத்த வாரம் பிளஸ் டூ பரீட்சை. பாதி பரீட்சையில அவளைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? ஒரு வாரமா வீடு தேடறேன். ஃபேமிலிக்குக் குடுக்கறதில்லைன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றாங்க. ஒரு புரோக்கர் கேக்கறாரு, மாசத்துல இருவத்தஞ்சு நாள் இருந்துட்டு பௌர்ணமிக்கு மட்டும் காலி பண்ணிக் குடுக்க முடியுமான்னு." கைப்பை வாரை இன்னொரு சுற்று முறுக்கினாள். "சாமான் பாதி மூட்டை கட்டியாச்சு. பொண்ணு மூட்டை மேல உக்காந்து படிக்கிறா."

பாலாஜிக்கு நாக்கில் ஒரு வேடிக்கை வந்து, அப்படியே திரும்பிப் போய்விட்டது. ஞானம் தேடி வருகிறவனுக்கு இந்த ஊரில் ஆயிரம் கதவு திறக்கும். குடியிருக்க வீடு தேடுகிறவன்தான் தெருவில் நிற்க வேண்டும். பாலாஜியே போன வருடம் மூன்று தடவை ரூம் மாறியவன்.

உண்ணாமலை நோட்டீஸை ஓரமாகத் தள்ளினார். "எறும்பு செத்துக் கெடந்துதா, உயிரோட போயிக்கினு இருந்துதா?"

"உயிரோடதாங்க. சர்க்கரையைச் சுத்தி ஒரே கூட்டம்."

"வேற சாவி யார்கிட்ட இருக்குது?"

"ஓனர் வீட்டு ஹால்ல ஒரு ஆணியில தொங்குது. எல்லா வீட்டுச் சாவியும் அங்கதான்."

"பூட்டை மாத்திடலாமே?" என்றான் பாலாஜி.

"மாத்தினா ஆள் வரமாட்டான். அப்புறம், நோட்டீஸ் குடுத்ததும் நிறுத்திட்டா பாருன்னு என்னைத்தானே சொல்வாங்க?"

உண்ணாமலை முதல் தடவையாகச் சிரித்தார். "நீ என்கிட்ட வேலைக்கு வந்துடும்மா. நாளைக்குப் பௌர்ணமி. எப்பவும் போல காலையில பூட்டிக்கினு கெளம்பு. பொண்ணைக் கீழ்பென்னாத்தூர்ல விட்டுட்டு சாயங்காலம் நாலரைக்குத் தெருமுனைக்கு வா. கூடையும் சாக்பீஸ் கோடும் எப்பவும் போல இருக்கணும்."

* * *

நாவல்மரத் தெருவில் நாவல்மரம் இல்லை. அது இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். பன்னிரண்டு வீடு. 'மௌன இல்லம்', 'ஓம் பீஸ் ஸ்டே', 'முக்தி ஹோம்ஸ்', 'அருணா நெஸ்ட்' என்று வரிசையாகப் போர்டு. ஒவ்வொரு கேட்டிலும் நம்பர் போட்டுத் திறக்கும் சாவிப் பெட்டி. 'மௌன இல்லம்' வாசலில் ஒரு கோஷ்டி ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நம்பர் வீட்டு வாசலில் மட்டும்தான் ஒரு பழைய சைக்கிளும் காய்கிற பள்ளிக்கூடச் சீருடையும் இருந்தன. அது அன்புச்செல்வியின் வீடு.

எதிர்வீட்டு வாசலில் ஒரு நடுவயது அம்மாள் ஓட்டை போட்ட தகரத் தட்டைத் தரையில் வைத்து மாவைத் தூவிக்கொண்டிருந்தாள். தட்டைத் தூக்கினால் கோலம். பிறகு அதே தட்டோடு அடுத்த வீட்டுக்குப் போய் அதே கோலம்.

"ஆறு வீடுங்க. கையால போட்டா முதுகு போயிடும். வர்றவங்களுக்கு போட்டோ எடுக்கறதுக்குக் கோலம் வேணும். யாரு போட்டா இன்னா, எப்படிப் போட்டா இன்னா?" என்றாள் தங்கம்மாள். ஆறு வீட்டுக்கும் அவள்தான் கேர்டேக்கர்.

"நீங்க இந்தத் தெருவா?" என்று கேட்டார் உண்ணாமலை.

"நாலாம் நம்பர் வீட்டுல ஒம்போது வருஷம் குடியிருந்தேன். இப்ப அடி அண்ணாமலையிலருந்து ஷேர் ஆட்டோ புடிச்சு வந்து, நான் குடியிருந்த வீட்டையே பெருக்கிட்டுப் போறேன்." அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

"ஒம்போதாம் நம்பர்ல ஆள் நடமாட்டம்னு ஓனர்கிட்ட சொன்னது நீங்கதானா?"

தங்கம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். "வாய் சும்மா இருக்காம சொல்லிட்டேன் அம்மா. அந்தப் பொண்ணுக்கு நோட்டீஸ் போவும்னு எனக்கு இன்னா தெரியும்? மூணு பௌர்ணமியா கேக்கறேன். சரியா அஞ்சு மணிக்கு உள்ளார குக்கர் விசில் அடிக்கும். மூணு விசில். அப்புறம் சத்தமே இல்ல. பொழுது போயிட்டா வெளக்குகூடப் போடமாட்டாங்க."

"அஞ்சு மணிக்கு ராத்திரி சாப்பாடு சமைக்கிற டூரிஸ்ட்டு! எந்த ஊர்க்காரனா இருப்பான்?" என்றான் பாலாஜி.

"உள்ளூர்க்காரன்," என்றார் உண்ணாமலை.

* * *

தெருமுனையில் இருந்த ஒன்றாம் நம்பர் வீடு நேமிநாதனுடையது. அவர் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. உண்ணாமலை தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, "அன்புச்செல்வி வீட்டு விஷயமா வந்திருக்கோம்," என்றார்.

"துப்பறியறவங்களை வெச்சிருக்காளா? வாடகைக்கு விட்டு நல்ல வரும்படிதான் போல," என்றார் நேமிநாதன். "நான் என் பையன் பவன் சொல்லியும்கூட அந்த ஒரு வீட்டை டூரிஸ்ட்டுக்கு ரூம் விடற ஆப்ல போடாம வெச்சிருந்தேன். பாவம், பழகினவங்கன்னு. நான் செய்யாததை அவ செஞ்சிருக்கா. யாருக்குத்தான் வயிறு எரியாது?"

அவருக்கு எரிந்தது நியாயமா, பொறாமையா என்று பாலாஜிக்குப் பிடிபடவில்லை. அதற்குள் ஒரு கார் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வாலிபன் இறங்கி, பெரிய பெட்டி ஒன்றை நேமிநாதன் முன்னால் உருட்டிவிட்டான். "வாட்ச்மேன், இது மேல போகணும்."

"நான் ஓனர்," என்றார் நேமிநாதன்.

"சரி சரி, பாத்து, பெட்டியில லேப்டாப் இருக்குது."

நேமிநாதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பழக்கப்பட்ட நடையாகத் தெரிந்தது. பாலாஜி போனில் அந்த வீட்டின் பக்கத்தைத் திறந்து, தங்கிப் போனவர்கள் எழுதியதைப் படித்தான். 'அமைதியான வீடு. மலை அப்படியே ஜன்னலில் தெரிகிறது. வாட்ச்மேன் தாத்தா அன்பானவர். ஆனால் இந்த வீடே தன்னுடையது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், பாவம்.' ஐந்து நட்சத்திரம்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்த நேமிநாதன் தானே விளக்கம் சொன்னார். பவன் பெங்களூரிலிருந்து போனிலேயே எல்லாவற்றையும் நடத்துகிறான். பௌர்ணமி என்றால் வீடு முழுக்கக் கொடுத்துவிட வேண்டும். அவர் மொட்டைமாடி ஷெட்டில் படுத்துக்கொள்வார். மனைவி கனகமாலா வேங்கிக்காலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள்.

கனகமாலா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரின் வாயில் வெள்ளைத் துணியை மடித்துப் போட்டு, அதன் வழியாகத் தண்ணீரை வடித்துக் கொடுத்தார். முழங்கால் வலி போலிருக்கிறது, ஒவ்வொரு எட்டுக்கும் சுவரைத் தொட்டுக்கொண்டார்.

"அன்புச்செல்வி பொண்ணுக்கு எப்ப பரீட்சை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த வாரம். உங்க தங்கச்சி வீடு வேங்கிக்கால்ல எந்தப் பக்கம்மா?" என்றார் உண்ணாமலை.

"கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால. பச்சை கேட்டு." சொல்லிவிட்டு அவர் சொம்பை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

உண்ணாமலை எழுந்தார். "சார், நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒம்போதாம் நம்பர் வாசலுக்கு வாங்க. உள்ள இருக்கறது யாருன்னு காட்டறேன். அன்புச்செல்வி ஆள் வெச்சிருந்தா நானே சாமானைத் தூக்கி வண்டியில ஏத்தறேன்."

"இல்லைன்னா?"

"அதை நாளைக்குப் பேசிக்கலாம்."

ஸ்கூட்டர் திருப்பம் திரும்புகிறவரை பாலாஜி பொறுத்துக்கொண்டான். பிறகு வண்டியை டீக்கடையோரம் நிறுத்திவிட்டான். "அக்கா, கண்டுபிடிச்சிட்டேன்."

"சொல்லு."

"வெங்காயம், பூண்டு, உருளைக்கெழங்கு, இதுங்க இருக்கற எடத்துல சமைக்கமாட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடுவாரு. எறும்பைக் கொல்லமாட்டாரு, கூப்புட்டுச் சர்க்கரை வெப்பாரு. இந்தப் பக்கம் இதெல்லாம் யாரோட பழக்கம்? நயினாருங்க பழக்கம். சமணருங்க. நேமிநாதன் நயினார்! சாவி அவரு வீட்டு ஆணியில தொங்குது. அவரே பூந்து விசில் அடிக்க வெச்சு, அவரே நோட்டீஸ் குடுக்கறாரு. அந்தப் பொண்ணைக் கிளப்பிட்டு வீட்டை ஆப்ல போடறதுக்கு நாடகம்!"

"ஒரு டீ சொல்லு."

"அவ்வளவுதானா?"

"நாளைக்கு நாலரையிலருந்து நேமிநாதன் மேல வெச்ச கண்ணை எடுக்காத." உண்ணாமலை போனில் எதையோ தேடி, ஒரு நம்பரைப் போட்டார். "ஹலோ, வேங்கிக்கால், கலெக்டர் ஆபீஸ் பின்னால, பச்சை கேட்டு வீடுதானே? நாளைக்குப் பௌர்ணமிக்கு ரூம் இருக்குதா? ஃபுல்லா? மூணு மாசமாவே ஃபுல்லா? சரிங்க."

"யாருக்கு அக்கா ரூம்?"

"டீ ஆறுது, குடி."

* * *

மறுநாள் சாயங்காலம் கிரிவலப் பாதையில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு போனது. நாவல்மரத் தெருவுக்குள்ளும் வழிந்து வந்தது. பாலாஜி நாலரையிலிருந்து நேமிநாதனை விட்டு ஒரு முழம்கூட விலகவில்லை. அவர் மூன்று பெட்டி தூக்கினார், இரண்டு பேருக்கு வைஃபை பாஸ்வேர்டு சொன்னார், ஒரு குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டார். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒன்பதாம் நம்பர் வாசலுக்கு வந்தார். அங்கே உண்ணாமலையும் அன்புச்செல்வியும் நின்றிருந்தார்கள். கதவில் வெளிப்பூட்டு இல்லை. கதவிலேயே பூட்டுப் பதித்த பழைய கதவு, எந்தப் பக்கமிருந்தும் சாவி போடலாம்.

பாலாஜிக்கு உள்ளூரக் குஷி. ஆள் இங்கே நிற்கிறார், உள்ளே யார் விசில் அடிப்பார்கள்? இன்றைக்கு விசில் வராது. வராததே சாட்சி. அதை எப்படி அழகாகச் சொல்லலாம் என்று வாக்கியம்கூடத் தயார் செய்துவிட்டான்.

குக்கர் விசில் அடித்தது.

பாலாஜி தயார் செய்த வாக்கியத்தை விழுங்கினான். இரண்டாவது விசில். மூன்றாவது.

"பாத்தீங்களா! கேட்டீங்களா!" நேமிநாதன் துள்ளினார். "நான் சொன்னா யாரும் நம்பலை. உள்ள ஆள் இருக்கு. வாடகை வாங்கிக்கிட்டு எங்கிட்ட அழுது நடிச்சா. தெறம்மா கதவை!"

அன்புச்செல்வியின் முகம் வெளிறிப்போயிருந்தது. உண்ணாமலை அவள் தோளைத் தொட்டு, "தெற, பயப்படாத," என்றார். அவள் சாவியைப் போட்டுத் திருப்பினாள்.

கூடத்தில் புத்தக மூட்டைகளுக்கு நடுவே இருந்த சின்ன இடத்தில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற பக்கமாக ஒரு அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டில் சோறு, பருப்பு, கொஞ்சம் கீரை. வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

கனகமாலா.

தெருவில் அரோகரா சத்தம் ஒரு அலையாக வந்து போனது. நேமிநாதன் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தார். "நீ... நீ வேங்கிக்கால்ல இல்ல?"

"அங்க எங்க இருக்கறது?" என்றார் கனகமாலா. "தங்கச்சி த்ரிசலா வீட்டையும் அவ பையன் ஆப்ல போட்டுட்டான். கலெக்டர் ஆபீஸ் தெரியுதாம், அதுக்கும் வந்து தங்கறாங்க. அவளே பௌர்ணமிக்கு சம்பந்தி வீட்டுக்குப் போயிடறா. கார்த்திகைப் பௌர்ணமிக்கு நான் பையைத் தூக்கிக்கிட்டு அங்க போனேன். பச்சை கேட்ல ஒருத்தன் என்னைப் பாத்து, 'சமையல்காரம்மா, நாளைக்கு வாங்க'ன்னான். திரும்பி வந்துட்டேன்."

"வீட்டுக்கு வரவேண்டியதுதானே?"

"எந்த வீட்டுக்கு?"

நேமிநாதன் தெருமுனையில் இருந்த தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மொட்டைமாடிக்கு ஏறலாம்னா முழங்கால் ஒத்துக்கலை. உங்ககிட்ட சொன்னா பவன்கிட்ட சொல்வீங்க, அவன் லாட்ஜ்ல ரூம் போட்டுத் தர்றேன்மான்னு சொல்வான். சொந்த வீடு இருக்கறப்ப லாட்ஜுக்குப் போறதான்னு வெக்கமா இருந்துது. ஆணியில சாவி தொங்குச்சு. இந்தத் தெருவுல சமையல் நடக்கற அடுப்பு இது ஒண்ணுதான். வந்தேன், சமைச்சேன், கழுவி வெச்சிட்டுப் போனேன்." அவர் அன்புச்செல்வியைப் பார்த்தார். "உன்னைக் கேக்காம வந்தது தப்புதான். இவரு நோட்டீஸ் எழுதினது எனக்கு முந்தாநாள்தான் தெரியும். அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரலை."

"ஒரு வாரமா நான் தூங்கலைம்மா," என்றாள் அன்புச்செல்வி. கோபத்தில் அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "எந்த வீட்டுல ரத்தம் எடுக்கப் போனாலும், இங்க வீடு காலியா இருக்குதான்னு கேட்டுக்கிட்டு நிக்கறேன். என் பொண்ணு, நாம தப்பு ஏதாவது பண்ணிட்டமாம்மான்னு கேக்கறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சாவியைக் கையில குடுத்துட்டுப் போயிருப்பேனே!"

கனகமாலா தலையைக் குனிந்துகொண்டார். சோற்றில் இருந்த கையை எடுக்கவும் இல்லை, பிசையவும் இல்லை.

உண்ணாமலை நேமிநாதன் பக்கம் திரும்பினார். "உள்வாடகைக்கு வந்த ஆள் யாருன்னு பாத்துட்டீங்க. நோட்டீஸைத் திருப்பி வாங்கிக்கறீங்களா?"

நேமிநாதன் சுவரைப் பார்த்துச் சொன்னார். "நோட்டீஸ் நோட்டீஸ்தான். பவன் இந்த வீட்டுக்கும் ஏப்ரல்லருந்து புக்கிங் வாங்கிட்டான். போட்டோகூட அனுப்பிட்டேன்."

"அப்ப உள்வாடகைன்னு சொன்னது?"

"காரணம் ஒண்ணு எழுதணும் இல்லையா? இல்லாம எழுதினா நல்லா இருக்காது."

பாலாஜி தன் ஊகத்தில் பாதி சரி என்று மனசுக்குள் ஒரு மார்க் போட்டுக்கொண்டான். கிழவர் நாடகம் போடவில்லை. தானாகக் கிடைத்த நாடகத்துக்கு டிக்கெட் விற்றார், அவ்வளவுதான்.

"அடுத்த பௌர்ணமிக்கு நான் எங்க போவேன்?" என்றார் கனகமாலா.

தெருமுனையிலிருந்து யாரோ, "வாட்ச்மேன்! கேட்டைத் தெறங்க!" என்று கத்தினார்கள். நேமிநாதன் அந்தச் சாக்கில் வெளியே போய்விட்டார். 

அன்புச்செல்வி அடுப்பங்கரைக்குப் போனாள். பின்கதவு வழியாகத் துவைக்கிற கல்லின் மேல் வெங்காயக் கூடை தெரிந்தது. மேடையில் சாக்பீஸ் கோடு இல்லை. குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து கனகமாலாவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

"சாப்பிடுங்க. இந்தப் பக்கம் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால போயிடும். அப்புறம் நீங்க சாப்பிடமாட்டீங்க." கோபம் குறைந்துவிடவில்லை. இருந்தாலும் சொன்னாள். "ஆனா இனிமே சாக்பீஸ் கோட்டை அழிக்கக் கூடாது."

"அது மட்டும் என்னால முடியாதும்மா," என்றார் கனகமாலா.

வாசலில் நிழல் விழுந்தது. நேமிநாதன் நின்றிருந்தார். ஒரு கையில் சுருட்டிய பாய், மறு கையில் தலையணை. போன பத்து நிமிடத்தில் அவருக்குப் பத்து வயது கூடியிருந்தது.

"இன்னா சார், இவ்ளோ சீக்கிரம்?" என்றான் பாலாஜி.

"மொட்டைமாடி ஷெட்டையும் பவன் குடுத்துட்டான். 'மலை தரிசனக் குடில்'னு பேர் போட்டிருக்கானாம். ரெண்டு பேர் வந்து பேகை வெச்சிட்டாங்க. என் பாயைக் காட்டி, வாட்ச்மேன், இதை எடுத்துடுங்கன்னு சொல்றாங்க. பவனுக்குப் போன் பண்ணா, 'அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கப்பா, ஒரு நாள்தானே'ங்கறான்." அவர் அன்புச்செல்வியைப் பார்க்காமல் கேட்டார். "உள்ள வரலாமாம்மா?"

அன்புச்செல்வி வாசல்படியில் வந்து நின்றாள். வழியை விடவில்லை.

"எத்தனை பேர் சார்?"

"நான் ஒருத்தன்தான்."

"எத்தனை நாளைக்கு?"

"இன்னிக்குத்தான். அப்புறம்... பௌர்ணமிக்குப் பௌர்ணமி."

"ஐடி ப்ரூஃப் குடுங்க."

அவர் வேடிக்கை என்று நினைத்தார் போல. நிமிர்ந்து பார்த்தார். அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பாயைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவள் சத்தமாகவே படித்தாள். "கதவு எண் ஒன்று, நாவல்மரத் தெரு. சொந்த வீடா சார்?"

"சொந்த வீடுதாம்மா."

அவள் அட்டையோடு அந்த நான்காக மடித்த நோட்டீஸையும் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "பின்பக்கம் எழுதிக் குடுங்க. எழுதிட்டு உள்ள வாங்க."

நேமிநாதன் தன் பேனாவைத் தடவினார். எந்தப் பெட்டி தூக்கும்போது விழுந்ததோ, காணவில்லை. பாலாஜி தன் பேனாவை நீட்டினான். அவர் கதவில் காகிதத்தை வைத்து, பழக்கம் விடாமல் எண் போட்டு எழுதினார். ஒன்று, காலி செய்யச் சொன்னதை ரத்து செய்கிறேன்.

"ரெண்டு," என்றார் உண்ணாமலை, "இந்த வீட்டை எந்த ஆப்லயும் போடமாட்டேன். ஏப்ரல் புக்கிங்கை இன்னிக்கே எடுத்துடச் சொல்றேன்."

பேனா நின்றது. அவர் மலையைப் பார்த்தார். சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் வந்து, விளிம்பைத் தொடப் போகிற மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து கனகமாலாவின் குரல் வந்தது.

"யோசிக்காம எழுதுங்க. பொழுது போயிட்டா நீங்களும் பட்டினிதான்."

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளைக் கையெழுத்து முத்து முத்தாக வர வேண்டும் என்று படுத்தி எடுத்த வாத்தியார், இரண்டாவது பாயிண்டைக் கோணல்மாணலாகக் கிறுக்கி, கீழே கையெழுத்தும் போட்டார். அன்புச்செல்வி அதை வாங்கி, இரண்டு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, வழியை விட்டாள்.